இரட்டையர் ஆய்வும் அரசியல் மனப்பாங்கும்: ஒரு வரலாற்று நோக்கு (1986–2009)

ஒருவரது அரசியல் சார்பு எங்கிருந்து வருகிறது என்னும் வினாவிற்கு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க அரசியலறிவியலார் தந்த விடை 'வீடு' என்பதாகும். 1960இல் வெளிவந்த 'அமெரிக்க வாக்காளர்' என்னும் நூல், கட்சிப்பற்று குடும்பத்தில் வேர்கொள்வதாகக் கூறியது. 1968இல் கென்ட் ஜென்னிங்ஸ், ரிச்சர்டு நீமி ஆகியோர் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, கட்சிப்பற்றில் மிகுந்திருந்த ஒற்றுமை பிற கருத்துகளில் குறைந்தே காணப்பட்டது. ஆயினும் பெற்றோர் பழக்கத்தோடு மரபணுக்களையும் பிள்ளைகளுக்கு வழங்குகின்றனர். இவ்விரண்டையும் பிரித்தறிய அவ்வகை ஆய்வில் வழியில்லை.

அவ்வழியை இரட்டையர் ஆய்வு திறந்தது. இரட்டையரைக் கொண்டு பிறப்பையும் வளர்ப்பையும் பிரித்தறியும் எண்ணம் பிரான்சிஸ் கால்டனின் 1875ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே உண்டு. ஒருகரு இரட்டையர் ஏறத்தாழ எல்லா மரபணுக்களிலும் ஒத்தவர். இருகரு இரட்டையர் சராசரியாகப் பாதியளவே ஒத்தவர். முன்னவரிடையே காணும் ஒற்றுமை பின்னவரிடையே காண்பதைவிட மிகுந்திருப்பின், அம்மிகுதி மரபணுக்களால் விளைந்ததாகக் கொள்ளப்படும். நிக்கோலஸ் மார்ட்டின், லிண்டன் ஈவ்ஸ் முதலியோர் ஆஸ்திரேலிய, இலண்டன் இரட்டையரின் சமூக மனப்பாங்குகளை இம்முறையால் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டனர். அரசியலறிவியலார் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

2005இல் ஜான் ஆல்ஃபோர்டு, கரோலின் ஃபங்க், ஜான் ஹிப்பிங் ஆகியோரின் கட்டுரை அமெரிக்க அரசியலறிவியல் மீள்நோக்கு இதழில் வெளிவந்த பின்னரே விவாதம் சூடுபிடித்தது. வர்ஜீனியா இரட்டையரிடம் 28 பொருள்கள் குறித்துப் பெற்ற விடைகளைத் தொகுத்த பழமைச் சார்பு அளவையில், வேறுபாட்டின் 43 விழுக்காடு மரபணுக்களுக்கும் 22 விழுக்காடு குடும்பச் சூழலுக்கும் உரியதென அவர்கள் மதிப்பிட்டனர். கட்சிப்பற்றிலோ நிலை தலைகீழ்: மரபணுப் பங்கு 14, குடும்பச் சூழல் 41. அதாவது, கட்சியைப் பொறுத்தவரை 1960ஆம் ஆண்டு நூலின் கூற்று வீழவில்லை. இக்கட்டுரையை எதிர்த்தோரும் போற்றியோரும் இதனைப் போதிய அளவு கவனித்ததாகத் தோன்றவில்லை. இவ்விழுக்காடுகள் ஒரு மக்கள்தொகையினுள் காணும் வேறுபாட்டைப் பங்கிடுவன. தனியொருவரது கருத்தில் இத்தனை பங்கு மரபணுவால் ஆனது எனப் பொருள்படா. தமிழில் 'மரபு' என்னும் சொல் முன்னோர் வழக்கத்தையும் உயிரியல் வழிவருவதையும் ஒருங்கே சுட்டுவதால், இங்கு 'மரபணுப் பங்கு' என்றே வழங்கப்படுகிறது.

2008இல் ஜேம்ஸ் ஃபௌலர் குழுவினர், தெற்குக் கலிபோர்னிய இரட்டையர் பதிவேட்டை லாஸ் ஏஞ்சலஸ் வாக்குப்பதிவு ஆவணங்களோடு இணைத்து, வாக்களிப்பிலும் கணிசமான மரபணுப் பங்கினைக் காட்டினர். அதே ஆண்டில் ஜான் பெக்வித், கோரி மோரிஸ் ஆகியோரும் எவன் சார்னியும் அடித்தளத்தையே வினவினர். இருவகை இரட்டையரும் சமமான சூழலில் வளர்கின்றனர் என்பது இம்முறையின் எடுகோள். ஒரே தோற்றமுடையோர் ஒன்றாகவே நடத்தப்படின், சூழலின் விளைவு மரபணுக் கணக்கில் ஏறிவிடும்.

2009இல் பீட்டர் ஹடெமி குழுவினர் வயதை அளவுகோலாகக் கொண்டனர். பதின்பருவத்தில் குடும்பச் சூழலே மேலோங்கியிருந்தது. பெற்றோர் வீட்டை விட்டு நீங்கும் இளம்பருவத்திலேயே மரபணுப் பங்கு புலப்பட்டது. வளர்ப்பின் ஒற்றுமையே காரணமெனின், அது வீட்டிலிருக்கும்போதே புலப்பட்டிருக்க வேண்டும். எனவே இம்முடிவு எதிர்வாதத்தை ஓரளவு தளர்த்துகிறது என்பது என் கருத்து. எனினும், வளர்ந்தபின் ஒருகரு இரட்டையரே தம்முள் மிகுந்த தொடர்பு பேணுகின்றனர். அத்தொடர்பால் விளையும் கருத்தொற்றுமையை இவ்வயதுக் கணக்கு தனியே பிரித்துக் காட்டுவதில்லை.