ஈன்றவள் யாரை ஈன்றாள்?

ஜெபமாலை உருட்டும்போது மணிக்கு மணி மரியாவை ‘இறைவனின் தாயே’ என்று அழைக்கிறோம். நாவுக்குப் பழகிப்போன சொல். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் இந்தச் சொல்லுக்காகவே இரண்டு ஆயர்கள் எதிரெதிரே நின்றார்கள்.

428இல் கான்ஸ்டான்டிநோபிளின் பேராயரானவர் நெஸ்தோரியுஸ், அந்தியோக்கியாவிலிருந்து வந்தவர். மக்கள் மரியாவை ‘தெயோடோகோஸ்’, அதாவது கடவுளை ஈன்றவள் என்று அழைத்தது அவருக்கு உறுத்தியது. தொடக்கமே இல்லாதவருக்கு ஒரு பெண் தொடக்கம் தந்தாள் என்றாகிவிடாதா? பிறப்பதும் வளர்வதும் சாவதும் மனித இயல்புக்கு உரியவை, கடவுள் இயல்பை அவை தொடா என்பது அவர் வாதம். ஆகவே ‘கிறிஸ்தோடோகோஸ்’, கிறிஸ்துவை ஈன்றவள் என்று சொன்னால் போதும் என்றார். மரியாவைச் சிறுமைப்படுத்தும் பேச்சாக இதை என்னால் படிக்க முடியவில்லை. படைத்தவரைப் படைப்போடு குழப்பிவிடக் கூடாதே என்ற பக்தனின் அச்சம்தான் இதில் தெரிகிறது.

அவருக்கு எதிரே நின்றவர் அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில். இந்தச் சொல்லைக் காக்க அவர் எகிப்தியத் துறவிகளுக்கு ஒரு மடல் எழுதினார். அதில் அவர் தரும் சான்று, பிள்ளை பெற்ற எந்த வீட்டுக்கும் விளங்கும். குழந்தையின் உடல் தாயின் வயிற்றில் உருவாகிறது. அதற்கு உயிரைத் தருபவர் கடவுள். அதற்காக எலிசபெத்தைத் திருமுழுக்கு யோவானின் உடலுக்கு மட்டும் தாய் என்று யாராவது சொல்வார்களா? அவள் பெற்றது யோவானை, முழு ஆளாக. அப்படியே, வார்த்தையானவரின் இறைமை மரியாவிடம் தொடங்கவில்லை. ஆனாலும் அவள் வயிற்றில் மனிதராகிப் பிறந்தவர் அவரேதான்.

நெஸ்தோரியுஸ் எதை ஈன்றாள் என்று கேட்கிறார். சிரில் யாரை ஈன்றாள் என்று கேட்கிறார். தாய்மையை அறிந்து பேசுபவர் சிரில் என்றே எனக்குப் படுகிறது. எந்தத் தாயும் தன் பிள்ளையைப் பங்கு பிரித்து, இவ்வளவுதான் என்னுடையது என்று சொல்வதில்லை. மேலும், மரியாவின் மடியில் பசித்து அழுதவர் கடவுளே என்று சொல்லத் தயங்கினால், மனித வாழ்வின் வாசல்வரை வந்த கடவுள் உள்ளே நுழையவில்லை என்றாகும். பெத்லகேமுக்கு அப்புறம் என்ன பொருள் இருக்கிறது?

ஆனால் சிரிலின் நடத்தையை அவருடைய வாதத்தைப்போல் ஏற்க முடியவில்லை. 431 ஜூன் 22 அன்று எபேசுவில், மரியாவின் பெயர் தாங்கிய கோயிலில், அந்தியோக்கியாவின் ஆயர் யோவானும் கீழை ஆயர்களும் வந்து சேர்வதற்குள், இந்தச் சர்ச்சைக்காகக் கூட்டப்பட்ட ஆயர் சங்கத்தைத் தொடங்கி நெஸ்தோரியுஸைப் பதவியிலிருந்து நீக்கச் செய்தார். சில நாளில் வந்தவர்கள் தனியே கூடிச் சிரிலை நீக்கினார்கள். 433இல் சமரசம் ஏற்பட்டது. அந்தியோக்கியா ‘கடவுளை ஈன்றவள்’ என்பதை ஏற்றது. கிறிஸ்துவின் இரண்டு இயல்புகளைப் பற்றிய அவர்கள் பேச்சுக்குச் சிரில் இடம் கொடுத்தார். நெஸ்தோரியுஸோ எகிப்தின் பாலைநிலத்தில் நாடுகடத்தப்பட்டவராகவே வாழ்வை முடித்தார்.

எபேசுவின் தீர்ப்பை ஏற்காமல் தனிவழி போன கீழைத் திருச்சபைக்கு இன்று நம் பக்கத்துத் திருச்சூரிலும் மக்கள் உண்டு. அதன் முதுபெரும் தந்தை நான்காம் மார் தின்காவும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் 1994 நவம்பர் 11 அன்று ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டு, ‘கடவுளின் தாய்’, ‘கிறிஸ்துவின் தாய்’ என்ற இரண்டு அழைப்புகளும் ஒரே நம்பிக்கையைச் சொல்பவை என ஏற்றார்கள். கீழைத் திருச்சபை மரியாவிடம் வேண்டும் முறையையும் அந்த அறிக்கை குறிக்கிறது: நம் கடவுளும் மீட்பருமான கிறிஸ்துவின் தாய்.