மெனுவில் எந்த மொழி முதலில்?

பெங்களூருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. அதில் முக்கால்வாசிக் காலம் ஒரே வீட்டு மாடியில்தான் குடித்தனம். வீட்டுக்காரம்மா கத்தோலிக்கர். தாய்மொழி தமிழ். நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம். வந்த புதுசில், "லீவுக்கு ஊருக்குப் போகலையாம்மா?" என்று கேட்டுவிட்டேன். "எந்த ஊரு? இதான்ப்பா எங்க ஊரு" என்றார். அதற்கப்புறம் நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை.

போன வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தம்மா மாடியேறி வந்தார். "தம்பி, எங்க கோயில் வெப்சைட்ல மேல வரிசையா வருமே, அது தாறுமாறா இருக்காம். ஃபாதர் ஆள் தேடுறாரு. நீ கம்ப்யூட்டர் வேலைதானே? கொஞ்சம் பாத்துக் குடேன்." நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் வருஷா வருஷம் கேக்கும் கல்கல்ஸும் சாப்பிட்ட கடன் இருக்கே! அரை மணி நேர வேலைதான் என்று ஒத்துக்கொண்டேன். ஆறு வாரம் ஆனது :-)

தளத்தைத் திறந்து பார்த்தேன். மெனுவில் இருபத்து மூன்று இணைப்புகள். பங்குத்தந்தையின் செய்தி, முன்னாள் பங்குத்தந்தையர், 2011 திருவிழாப் படங்கள் எல்லாம் முன்வரிசையில். ஞாயிற்றுக்கிழமை பூசை எத்தனை மணிக்கு என்பது மட்டும் மூன்று அடுக்கு உள்ளே. அதைக் கைபேசியில் கட்டைவிரலால் தொட்டுப் போவதற்குள் பூசையே முடிந்துவிடும்.

கோயில் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஜனங்க போன் பண்ணி என்ன கேக்குறாங்க?" அவர் விரல் விட்டு எண்ணினார். பூசை நேரம், ஞானஸ்நானச் சர்ட்டிபிகேட், கல்யாண ஓலை, கல்லறை, சாமியார் எப்போது இருப்பார். அவ்வளவுதான். ஐந்தையும் முதல் வரிசையில் வைத்து, மிச்சத்தை எல்லாம் 'எங்கள் பங்கு' என்ற தலைப்புக்குள் அடக்கினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சிக்கல் அடுத்ததில் வந்தது. பங்குப் பேரவைக் கூட்டத்தில், திரையின் வலது மூலையில் மொழி மாற்றும் பகுதியைக் காட்டினேன். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மூன்று சொல். கூட்டம் அமைதியாகிவிட்டது. பிறகு ஒருவர் மிக மரியாதையாக, கன்னடத்தில், "இது எந்த மாநிலம் சார்?" என்று கேட்டார். எதிர்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் தமிழில், "இந்தக் கோயிலக் கட்டுனது யாரு?" என்றார். நான் சமர்த்தாக, "அகரவரிசையில் போட்டுவிடலாமே" என்று சொல்லிவிட்டு அங்கேயே யோசித்துப் பார்த்தேன். ஆங்கிலம், கன்னடம், தமிழ். சரி, ஆங்கில எழுத்து வரிசை? அதிலும் அதே வரிசை. கன்னட அகரவரிசை? அதிலும் அதேதான்! எந்த மொழிக்காரரைக் கேட்டாலும் ஆங்கிலம்தான் முதலில் வந்து உட்காருகிறது. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் முடிவு வரவில்லை.

வெளியே வரும்போது அந்தப் பெரியவர் என் தோளில் கை வைத்து, "இது கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே உள்ள சண்ட தம்பி" என்றார். அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் தெரிந்தது இதுதான்.

சிவாஜிநகரில் இருக்கும் புனித மரியன்னை பசிலிக்காதான் பெங்களூரின் மிகப் பழைய கத்தோலிக்கக் கோயில் என்பார்கள். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'காணிக்கை மாதா' என்ற பெயரில் ஒரு சின்னச் சிற்றாலயம் வைத்ததுதான் அதன் தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பகுதிக்கு அப்போது பிளாக்பள்ளி என்று பெயர். 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்து அதைக் கவனித்தவர் அபே துபுவா. இந்தியப் பழக்கவழக்கங்கள் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினாரே, அதே பிரெஞ்சுப் பாதிரியார்தான். இப்போது நாம் பார்க்கும் கூர்கோபுரக் கட்டடம் 1882 செப்டம்பர் 8ம் தேதி அர்ச்சிக்கப்பட்டது. 1973ல் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது.

துபுவா வந்த காலத்தை ஒட்டித்தான் பிரிட்டிஷார் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினார்கள். 1809ல் அல்சூரைச் சுற்றிக் கண்டோன்மெண்ட் உருவானது. உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'தண்டு'. மதராஸ் படையோடு சமையல்காரர், வண்டிக்காரர், சலவைக்காரர், கொத்தனார், வியாபாரி என்று தமிழ் பேசுகிறவர்கள் வந்து சேர்ந்தார்கள். கெம்பே கௌடா கட்டிய பழைய பேட்டையில் கன்னடம், தண்டில் தமிழ். ஒரே பெயரில் இரண்டு ஊர். 1949ல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின.

கன்னடக் கத்தோலிக்கர்கள் பின்னால் வந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 17ம் நூற்றாண்டின் நடுவிலேயே லெயோனார்தோ சின்னாமி என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்து, கன்னடம் கற்று, கன்னட இலக்கணமே எழுதியிருக்கிறார். கூட்டத்தில் "எந்த மாநிலம்?" என்று கேட்டவருடைய முன்னோர்களும், "யார் கட்டியது?" என்று கேட்டவருடைய முன்னோர்களைப் போலவே பழைய கிறிஸ்தவர்களாக இருக்கலாம்.

சரி, அப்போதெல்லாம் ஏன் சண்டை பெரிதாக வரவில்லை? பூசை லத்தீனில் நடந்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டும், பிரசங்கமும், பாவசங்கீர்த்தனமும் அவரவர் மொழியில். பீடத்தில் நடந்தது மட்டும் யாருடைய மொழியிலும் இல்லை. எல்லாருக்கும் சமமாகப் புரியவில்லை!

புராட்டஸ்டண்ட் மிஷன்கள் வேறு வழியில் போயின. லண்டன் மிஷனும் வெஸ்லியன் மிஷனும் இங்கே தமிழுக்குத் தனிச் சபை, கன்னடத்துக்குத் தனிச் சபை என்று நடத்தின. 1947ல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகும் அந்தச் சுவடு மறையவில்லை. கார்ப்பரேஷன் பக்கத்திலிருக்கும் ஹட்சன் நினைவு ஆலயம் கன்னடச் சபை. தண்டுப் பகுதியில் தமிழ்ச் சபைகள். அவர்கள் இடத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர்களுக்கு ஒரே கட்டடம், ஒரே பீடம். அதனால் பின்னால் அவர்கள் பிரிக்க வேண்டியிருந்தது நேரத்தை.

அந்தப் 'பின்னால்' வந்தது 1963 டிசம்பர் 4ம் தேதி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் அன்றுதான் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. தாய்மொழிக்கு அதில் கதவு திறந்தது. 1965 மார்ச் 7ல் ஆறாம் பவுல் போப் ரோமில் இத்தாலிய மொழியில் பூசை வைத்தார். தாய்மொழி வழிபாட்டை இந்தியா முழுக்கக் கொண்டுபோவதில் பெரும் பங்கு வகித்த தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் 1967ல் தொடங்கியது எங்கே தெரியுமா? இதே பெங்களூரில். தொடங்கியவர் அமலோர்பவதாஸ் அடிகளார், தென்னாற்காட்டுக் கல்லேரிக்காரர். அவருடைய அண்ணன் லூர்துசாமி 1968 முதல் 1971 வரை இங்கே பேராயர், பிற்பாடு கர்தினால்.

தாய்மொழியில் வழிபடுங்கள் என்று ரோம் சொல்லிவிட்டது. யாருடைய தாய்மொழி என்று சொல்லவில்லை. அதற்குள் 1956ல் மொழிவாரி மாநிலம் வந்திருந்தது. தண்டுத் தமிழர்கள் தாங்கள் பிறந்த தெருவில் இருந்தபடியே சிறுபான்மை ஆகியிருந்தார்கள். கன்னடக்காரர்கள் தங்கள் தலைநகரத்துக் கோயிலிலேயே தங்கள் மொழிக்கு நேரம் கேட்டு நின்றார்கள். கோயில் வாசலில் பூசை நேரப் பலகை வந்தது. எந்த மொழிக்கு எத்தனை மணி, எந்த மொழி மேலே, எது கீழே? யோசித்துப் பார்த்தால் அதுதான் முதல் மெனு.

அந்தப் பலகைக்காக 1970களிலிருந்து மனுக்கள், ஊர்வலங்கள், கைகலப்புகள் எல்லாம் நடந்திருக்கின்றன. வெளியேயும் சூடுதான். 1981ல் கோகாக் குழு அறிக்கை, 1982ல் ராஜ்குமார் முன்னால் நின்ற கன்னடப் போராட்டம், 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். "அந்த வாரம் பஸ்ல வாயே தொறக்கல தம்பி" என்றார் பெரியவர். அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் "எந்த மாநிலம்?" என்று கேட்டவர் தனியாகச் சொன்னதையும் மறக்க முடியவில்லை. அவருடைய அப்பா கிராமத்திலிருந்து நகரத்துக் கோயில் ஒன்றுக்கு வந்து, கன்னடத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் யாரும் இல்லாமல் திரும்பிப் போனாராம்.

இனி நம்ம துறைக்கு வருவோம். வத்திக்கானின் இணையத் தளம் 1995 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கியது. அதன் கணினிகளுக்கு ரபேல், மிக்கேல், கபிரியேல் என்று அதிதூதர்கள் பெயர். உள்ளே நுழையும் முதல் பக்கமே முன்பெல்லாம் மொழிப் பட்டியலாகத்தான் இருந்தது. இத்தாலியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் எல்லாம் வந்து, 2008ல்தான் லத்தீனுக்கு ஒரு பகுதி கிடைத்தது. லத்தீனுக்கே காத்திருக்க வேண்டியிருந்தது என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

2000களில் தமிழிலோ கன்னடத்திலோ மெனு செய்தவர்களுக்குத் தெரியும். திஸ்கியா யூனிகோடா என்று அடித்துக்கொண்ட காலம். நம் பக்கம் முரசு, எ-கலப்பை. அவர்கள் பக்கம் பரஹா, நுடி. பார்ப்பவர் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டால் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் மெனுவின் ஒவ்வொரு சொல்லையும் படமாகச் செய்து ஒட்டினோம். வரிசையை மாற்ற வேண்டுமென்றால் செய்தவனையே தேடிப் போகவேண்டும். ஆகவே பல இடங்களில் எந்த மொழி முதலில் என்பதைத் தீர்மானித்தது ஏதோ ஒரு கம்ப்யூட்டர் பையன்தான். 2010 ஜூனில் வேர்டுபிரஸ் 3.0 வந்தது. மெனுவை யார் வேண்டுமானாலும் இழுத்து விட்டு வரிசைப்படுத்தலாம் என்றானது. வசதிதான். ஆனால் 'மென்பொருள் அப்படித்தான் வைத்தது' என்ற சாக்கும் அன்றோடு போயிற்று.

ஆறாவது வாரம் நான் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, மொழியின் பெயர் அந்தந்த மொழியின் எழுத்திலேயே இருக்கும். படிக்கத் தெரிந்தவருக்குத்தானே அந்த இணைப்பு? இரண்டு, மொழியை மாற்றினால் முகப்புக்குத் தள்ளிவிடாமல், பார்த்துக்கொண்டிருந்த அதே பக்கம் அடுத்த மொழியில் திறக்கும். கல்லறைப் பக்கம் மூன்று மொழியிலும் முழுதாக இருக்கும். துக்க வீட்டில் இருப்பவரை மொழிக்காக அலையவிடக் கூடாது. மூன்று, வரிசை என்பது ஞாயிற்றுக்கிழமை பூசை நேர வரிசை. எது முதலில் நடக்கிறதோ அது முதலில். பூசை நேரம் மாறினால் மெனுவும் மாறும்.

எங்கள் பங்கில் முதல் பூசை காலை ஆறு மணிக்கு, தமிழில். அடுத்தது கன்னடம், அதற்கடுத்தது ஆங்கிலம். தமிழ்க்காரர்கள் ஜெயித்துவிட்டதாக முகம் மலர்ந்தார்கள். அப்போது அந்தப் பெரியவர் எழுந்தார். "ஆறு மணிப் பூச பெருமைக்கு வச்சது இல்ல. எங்கப்பா பூச முடிஞ்சு ஏழு மணிக்கெல்லாம் துரை வீட்டு அடுப்படியில நிக்கணும். இப்பவும் ஆறு மணிக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு வீட்டு வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் போறவங்கதான். லீவு இல்லாதவன் பூசதான் முதல் பூச" என்றார். அதையே கன்னடத்திலும் திருப்பிச் சொன்னார். மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர் தலையசைத்து, "ஹாகே மாடி" என்றார். அப்படியே செய்யுங்கள் என்று அர்த்தம்.

அன்று ராத்திரியே மெனுவை ஏற்றிவிட்டேன். நிஜமாகவே அரை மணி நேரம்தான் ஆனது. கைபேசியில் பார்த்தால் மேலே ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடு. தொட்டால் எல்லாம் திறக்கும். வீட்டுக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூசை நேரத்தைத் தானே தொட்டுப் பார்த்தார். "இதுக்கா தம்பி ஆறு வாரம்?" என்றார்.

இருநூறு வருஷம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கேக் வந்துகொண்டிருந்தது :-)

உங்கள் ஊர்க் கோயில் வாசலில் நேரப் பலகை இருக்கும். அடுத்த முறை போகும்போது எது மேலே, எது கீழே என்று பாருங்கள். யார் எப்போது வந்து, எந்த வேலைக்கு ஓடினார்கள் என்பது அதில் எழுதியிருக்கும்.