பொறுப்பு யார் கையில்? – சங்கச் செயற்குழு பற்றிய ஒரு வரலாற்றுச் சிந்தனை

வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் சங்கத்தால் பயன்பெற்ற மாணாக்கரை எண்ணி மகிழ்வது இயல்பே. ஆயினும், இருபத்தைந்து ஆண்டுகளாக இப்பணியைத் தாங்கி நின்றது எது என்றும் நாம் வினவ வேண்டும். தீர்மானப் புத்தகமும், கணக்கேடும், அவற்றிற்குப் பொறுப்பேற்ற செயற்குழுவுமே அத்தூண்கள் எனலாம். இவ்வமைப்பு முறை நம் முன்னோர் அரிதின் முயன்று கைக்கொண்டதாகும்.

1890களின் தொடக்கத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று காங்கிரசார் கோரியபோது, அதனால் உயர் பதவிகள் யாவும் மேல்சாதியினர் வசமாகும் என இச்சபையினர் அஞ்சினர். எனவே 1893இல், 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள எதிர் விண்ணப்பம் ஒன்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டது. தனியொருவரின் முறையீடாயின் எளிதில் ஒதுக்கப்பட்டிருக்கும். பெயர் பதிந்து ஒன்று கூடியோரின் வலிமையை அன்றே நம்மவர் உணர்ந்திருந்தனர்.

அடுத்த பாடத்தை அண்ணல் அம்பேத்கர் அவர்கள் பம்பாயில் கற்பித்தார். 1924ஆம் ஆண்டு ஜூலை 20இல் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் தலைவராகப் புகழ் பெற்ற வழக்கறிஞர் சர் சிமன்லால் சேதல்வாட் விளங்கினார். துணைத் தலைவர்களும் பிற சமூகப் பெரியோர்களே. ஆனால் அன்றாடப் பணிகளை நடத்தும் நிருவாகக் குழுவின் தலைமையை அண்ணலே ஏற்றார்; செயலாளர், பொருளாளர் பொறுப்புகளையும் ஒடுக்கப்பட்ட மக்களிடமே ஒப்படைத்தார். நல்லோர் ஆதரவை நன்றியுடன் ஏற்கலாம். நிருவாகம் நம் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பதே இதன் பொருள். அச்சபை 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதியைத் திறந்தது.

நம் மாநிலத்தில் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1978 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. செயற்குழுவில் மூவருக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அவர்தம் பதவிக்காலம் மூன்றாண்டுகளுக்கு மேற்படலாகாது. மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை என்று அது விதிக்கின்றது. ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை முன்வைப்பதும், குழுவில் நேரும் மாற்றங்களைப் பதிவாளருக்குத் தெரிவிப்பதும் கடமைகளாகும்.

இவற்றை வெறும் சடங்கென்று எண்ணுவோர் உண்டு. நாம் அறிந்த ஒரு சங்கத்தில், செயலாளர் நேர்மையாளர். ஆயினும் வரவு செலவெல்லாம் அவர் நினைவிலேயே இருந்தன. அவர் மறைந்தபின், கேட்பவர்க்கு விடை சொல்ல எவராலும் இயலவில்லை. ஐயம் பிறந்தது; சங்கம் கலைந்தது. நேர்மை ஒருவருடைய பண்பு. கணக்கு எல்லோருக்கும் பாதுகாப்பு. கல்விக்கென்று நாம் திரட்டும் ஒவ்வொரு ரூபாயும் உழைப்பாளர் ஒருவரின் கூலியில் ஒரு பகுதியன்றோ?

ஈக்காட்டுத்தாங்கலில் இன்று நம் பெண்மக்களும் இளைஞரும் பட்டம் பெற்றுள்ளனர். விழாவில் நாற்காலி அடுக்குவதற்கு மட்டும் அவர்களை அழைப்பது முறையாகுமா? கணக்கேட்டை எழுதவும், நம்மைக் கேள்வி கேட்கவும் அவர்களைப் பழக்குவோம். நரைத்த தலையினராகிய நாம், நலமாயிருக்கும்போதே சாவியை அவர்கள் கையில் கொடுத்து, அருகிருந்து துணை நிற்போமாக. பொன்விழாவைக் கொண்டாட வேண்டியவர்கள் அவர்களே.