தொகையும் தகுதியும்: பூவம் எல்லையிலிருந்து கூட்டு ஒப்பந்தங்களை நோக்கி

தரங்கம்பாடியிலிருந்து தெற்கே வரும் கடற்கரைச் சாலை நண்டலாற்றைத் தாண்டினால் பூவம். ஆற்றின் வடகரை தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டம். தென்கரை புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால். இரு கரையிலும் ஒரே பேச்சு, ஒரே கூலி வேலை, பல சமயம் ஒரே காண்ட்ராக்டர். ஆனால் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் உழைத்துவரும் ஒருவர், "நான் இந்த நிறுவனத்தின் தொழிலாளி" என்று சொல்லும்போது, வடகரையில் அவருக்குத் துணை நிற்கும் சட்டம் தென்கரையில் இல்லை. 1981இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றி 1982 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம், 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளியை நிரந்தரப்படுத்தியே ஆகவேண்டும் என்கிறது. நெல்லைப் பஞ்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றமும் 1990இல் அதை ஏற்றது. அந்தச் சட்டத்தின் எல்லை நண்டலாற்றோடு முடிகிறது.

தென்கரையில் இருப்பது மத்தியச் சட்டம். 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டம் 1963 அக்டோபரில் புதுச்சேரிக்கு விரிவுபடுத்தப்பட்டது; 2025 நவம்பரில் புதிய சட்டத்தொகுப்பு அதன் இடத்துக்கு வரும் வரை அதுவே நடைமுறையில் இருந்தது. அதில் வந்த 240 நாள் கணக்கைப் பலர் நிரந்தரத்துக்கான கணக்கு என்றே நம்புகிறார்கள். அது அப்படியல்ல. ஆண்டில் 240 நாள் உழைத்தவரை முன்னறிவிப்பும் இழப்பீடும் இன்றி ஆட்குறைப்புச் செய்ய முடியாது, அவ்வளவுதான். வேலையை விட்டு அனுப்புவதற்கு அது விலை வைக்கிறது, தகுதியைத் தருவதில்லை. ஆகவே காரைக்கால் பகுதியில் தகுதி பற்றிய கேள்வி நீண்ட வழக்காகவோ, தொழிற்சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திடும் ஒப்பந்தமாகவோதான் முடியும். இரண்டாவது வழியில் ஒரு தொழிலாளி தன் பெயரால் கையெழுத்தான தாளை எப்படிப் படிக்க வேண்டும், அந்தத் தாள் அவரை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துவது நியாயம் என்பதே இக்கட்டுரையின் பொருள். என் வாதம் இது: கூலி, போனஸ், விடுப்பு போன்றவற்றில் பெரும்பான்மைச் சங்கத்தின் கையெழுத்து அனைவரையும் கட்டுப்படுத்தலாம், ஒருவர் தொழிலாளியா இல்லையா என்ற தகுதிக் கேள்வியில், அவரைக் கேட்காமல் போடப்பட்ட கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது.

உழைப்பவரை வேறு பெயரில் பதியும் வழக்கம் இந்தியாவில் புதிதன்று. 1956இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த தரங்கதரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கு கட்ச் உப்பளங்களில் உழைத்த அகரியாக்களைப் பற்றியது. அவர்களுக்கு வேலை நேரம் குறிக்கப்படவில்லை, உதவிக்குத் தாங்களே ஆள் வைத்துக்கொண்டார்கள், விளைந்த உப்பின் எடைக்குக் காசு வாங்கினார்கள். எனவே அவர்கள் தனி ஒப்பந்தக்காரர்கள் என்று கம்பெனி வாதிட்டது. பாத்தி அமைப்பதிலிருந்து உப்பு ஒப்படைப்பு வரை மேற்பார்வை யார் கையில் இருந்தது என்று பார்த்து, அவர்கள் தொழிலாளர்களே என்ற தீர்ப்பாயத்தின் முடிவை நீதிமன்றம் உறுதிசெய்தது. வேதாரண்யத்து உப்பளங்களை அறிந்த நம் கடற்கரைக்கு அந்த வழக்கு அந்நியமானதல்ல. 1978இல் ஹுசேன்பாய் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி சென்றார். இடையில் எத்தனை காண்ட்ராக்டர்கள் நின்றாலும், யாருடைய தொழிலுக்காக உழைப்பு செல்கிறதோ, யார் கதவடைத்தால் தொழிலாளியின் பிழைப்பு போகிறதோ, அவரே முதலாளி என்றார். பதிலி, தற்காலிகம், கேஷுவல் என்ற பெயர்களில் ஆண்டுக்கணக்கில் வைத்து நிரந்தர உரிமையைப் பறிப்பது நேர்மையற்ற தொழில்நடைமுறை என்று 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையே பெயர் சொல்லிக் கண்டித்தது. தண்டனையும் இருந்தது. ஆனால் அந்தப் பிரிவில் வழக்குத் தொடர அரசின் அனுமதி தேவைப்பட்டது.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டிய வழக்கு ஓஎன்ஜிசி நிறுவனத்துக்கும் பெட்ரோலியம் கோல் லேபர் யூனியனுக்கும் இடையே நடந்தது. காவிரிப் படுகைப் பணிகளுக்கு இந்நிறுவனம் காரைக்காலைத்தான் தளமாகக் கொண்டிருக்கிறது என்பதால் இந்த வட்டாரத்துக்கு அது நெருக்கமானது. காவல் பணி செய்த தொழிலாளர்கள் முதலில் காண்ட்ராக்டரின் ஆட்களாக இருந்தார்கள். மத்திய அரசு 1976 டிசம்பரில் அப்பணியில் காண்ட்ராக்ட் முறையைத் தடைசெய்திருந்தது. பிறகு அவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள் ஆனார்கள். 1988 ஜனவரி 13 அன்று நேரடியாக, ஆனால் பிப்ரவரி இறுதி வரை மட்டுமே, காலவரம்பு நியமனம் பெற்றார்கள். அந்த நாள் கடந்தும் எழுத்து ஆணை ஏதுமின்றி வேலை தொடர்ந்தது. காவல் காத்த கதவு அதேதான், காத்தவர்களும் அவர்களேதான். பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. 1991இல் தகராறு தீர்ப்பாயத்துக்குப் போனது. 480 நாள் நிறைந்த 1990 ஜனவரி 13 முதல் அவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1999இல் தீர்ப்பாயம் ஆணையிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு கட்டங்களிலும் அந்த ஆணை நிலைத்தது. 2015 ஏப்ரலில் நீதிபதிகள் கோபால கௌடா, நாகப்பன் அமர்வு நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நேரடி நியமனத்திலிருந்து எண்ணினால் 27 ஆண்டுகள். அதோடும் முடியவில்லை: 2020இல் கிருஷ்ண கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு, நிரந்தரமாக்க உத்தரவிடும் தீர்ப்பாயத்தின் அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்று ஐயம் எழுப்பி, அந்த 2015 தீர்ப்பைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது.

ஒப்பந்தம் ஏன் கவர்ச்சியானது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐவர் அமர்வு, காண்ட்ராக்ட் முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளி தானாகவே நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிடமாட்டார் என்றது. 1976ஆம் ஆண்டின் மத்திய அறிவிக்கையையும் வருங்காலத்துக்குச் செல்லாததாக்கியது. காண்ட்ராக்ட் வெறும் போலி என்று தொழிற்தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் மட்டுமே தகுதி கிடைக்கும். நிரூபிக்கத் தேவையான மஸ்டர் ரோல், கேட் பாஸ், வைப்பு நிதிச் சீட்டு எல்லாம் பெரும்பாலும் எதிர்த்தரப்பின் அலமாரியில் இருக்கும். தீர்ப்பாயமோ சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரியில். ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறும் ஒருவருக்கு, பத்தாண்டுக்குப் பின் வரக்கூடிய தகுதியைவிட இந்த மாதம் வரும் தொகை பெரிதாகத் தெரிவதில் குற்றமில்லை. அந்தத் தேர்வு அவருடையதாக இருந்ததா என்பதே கேள்வி.

சட்டம் ஒப்பந்தங்களை இரண்டாகப் பிரிக்கிறது; இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. 18(1) என்பது இரு தரப்பும் தாமே பேசிப் போட்டுக்கொள்வது; அது கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன் போடப்படுவது 12(3) ஒப்பந்தம்; 18(3) பிரிவின்படி அது அந்த நிறுவனத்தில் அன்று இருக்கும் எல்லாத் தொழிலாளரையும், நாளை சேரப்போகிறவரையும் கட்டுப்படுத்தும். சங்கத்தில் இல்லாதவர், எதிர்த்தவர், அன்று விடுப்பில் இருந்தவர் எவரும் விலக்கல்ல. ராம்நகர் சர்க்கரை ஆலை வழக்கில் 1960இல் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. ஆனால் அடுத்த ஆண்டே பாட்டா வழக்கில் ஒரு முக்கியமான வரம்பும் வைத்தது: சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில் போடப்பட்டது என்பது மட்டும் போதாது, அலுவலரின் உதவியோடும் உடன்பாட்டோடும் ஏற்பட்டதாக இருக்க வேண்டும். வெளியே பேசி முடித்துவிட்டு அலுவலரிடம் முத்திரை வாங்கிய தாளுக்கு அந்தப் பலம் இல்லை. இந்த வரம்பைத் தொழிலாளர்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம்.

மறுபுறம், 1976இல் ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கு ஒப்பந்தத்தை முழுப் பொதியாகப் பார்க்கச் சொன்னது. ஒரு விதியில் இழந்தது மற்றொன்றில் ஈடாகியிருக்கலாம் என்ற நியாயம் அதன் அடிப்படை. கூலிப் பேச்சில் இது சரியே. தகுதியில் அப்படிச் சொல்ல முடியாது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஊதிய உயர்வும், காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஒருமுறைத் தொகையும் ஒரே தாளில் எழுதப்படும்போது, ஒருவரின் தகுதியை விட்டுக்கொடுத்து மற்றவரின் உயர்வு வாங்கப்பட்டதா என்று பொதியாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. காண்ட்ராக்ட் தொழிலாளர் பெரும்பாலும் கையெழுத்திடும் சங்கத்தின் உறுப்பினர்களே அல்ல. இதில் ஒரு சட்ட முரணும் உண்டு. இவர்கள் எங்கள் தொழிலாளர் அல்லர் என்று தீர்ப்பாயத்தில் வாதிடும் நிர்வாகம், எல்லாத் தொழிலாளரையும் கட்டும் ஒப்பந்தம் இவர்களையும் கட்டும் என்று அடுத்த அறையில் சொல்ல முடியாது. கட்டும் என்றால் இவர்கள் அந்த நிறுவனத்தின் தொழிலாளர்கள். தொழிலாளர் அல்லர் என்றால் கட்டாது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை ஒப்பிட்டால் குறை பளிச்சென்று தெரியும். ஊர்ப் பொதுக்குளத்துக்காகச் சிலர் பலர் சார்பில் வழக்குத் தொடுத்தால், நீதிமன்றத்தின் அனுமதியின்றிச் சமரசம் செய்துகொள்ள முடியாது. அனுமதிக்கு முன் அக்கறையுள்ளவர்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருத்தம் 23ஆம் கட்டளையில் 3பி விதியாக இதைச் சேர்த்தது. குளத்துக்குக் கிடைக்கும் இந்த அறிவிப்பு, ஒருவரின் வாழ்நாள் உழைப்பு எந்தப் பெயரில் பதியப்படும் என்பதை முடிவுசெய்யும் தாளுக்குக் கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் இத்தகைய கூட்டு வழக்குகளில் அறிவிப்பு கட்டாயம். ஒவ்வொருவரும் தொகை கோரலாம், ஆட்சேபிக்கலாம், விலகித் தனி வழக்குக்கான உரிமையைக் காத்துக்கொள்ளலாம். ஒன்றும் செய்யாதிருந்தால் கட்டுப்படுவார். ஊபர் ஓட்டுநர்களின் ஒகானர் வழக்கில் 2016இல் பத்துக் கோடி டாலர் வரையிலான உடன்பாட்டை, ஓட்டுநர்கள் சிலர் ஆட்சேபித்த பின், நீதிபதி எட்வர்டு சென் நிராகரித்தார். அறிவிப்பும் ஆட்சேபமும் வெறும் சடங்கல்ல என்பதற்கு அது சான்று. ஆயினும் 2019இல் ஏற்கப்பட்ட இரண்டு கோடி டாலர் உடன்பாடு ஓட்டுநர்களைத் தனி ஒப்பந்தக்காரர்களாகவே விட்டுவைத்தது. பணம் வந்தது, தகுதி வரவில்லை. இதற்கு எதிர்ப்பக்கம் மைக்ரோசாஃப்ட் வழக்கு: தற்காலிகர் எனப்பட்டவர்கள் ஊழியர்களே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலில் சொன்னது, பிறகு 2000 டிசம்பரில் 9.7 கோடி டாலருக்கு உடன்பாடு வந்தது. தகுதி முன்னே, தொகை பின்னே என்ற இந்த வரிசையே தொழிலாளிக்கு உகந்தது.

விலகும் உரிமையைத் தந்தால் நிர்வாகம் ஆட்களை ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்துச் சங்கத்தை உடைக்கும் என்ற மறுப்பை நான் லேசாகக் கருதவில்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா ஆலையில் பன்னிரண்டு தொழிலாளர் துப்பாக்கிச் சூட்டில் இறந்து வாங்கிய கூட்டு உரிமை அது. ஆகவேதான் விலக்கைத் தகுதிக்கு மட்டும் கேட்கிறேன். கூலியில் சங்கம் எல்லோருக்காகவும் பேசட்டும்.

அந்த விலக்கு கிடைக்கும் வரை, கையில் தாள் வந்துவிட்ட தொழிலாளி முதலில் பார்க்க வேண்டியது, அது இரு தரப்பும் தாமே பேசிப் போட்டதா, சமரச அலுவலர் முன் போட்டதா என்பதே. அடுத்து, தகுதி பற்றி அதில் என்ன இருக்கிறது: எந்த நாள் முதல் பணிக்காலம் கணக்கு, பெயர்ப் பட்டியலில் தன் பெயர் உண்டா, முந்தைய காண்ட்ராக்டர்களிடம் கழிந்த ஆண்டுகள் சேர்ந்தனவா. தகுதி பற்றித் தாள் மௌனமாக இருந்தால் அந்த மௌனத்தைத் தனக்கு எதிரான முடிவாக அவர் ஏற்க வேண்டியதில்லை. தொகையை வாங்கும்போது, முழுக்கணக்கும் தீர்ந்தது என்ற அச்சிட்ட வரியின் கீழ், ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன் என்று தன் கையால் எழுதிப் படி ஒன்றை வைத்துக்கொள்வது பிற்காலத்தில் உதவும். பணிக்கொடை, குறைந்தபட்சக் கூலி போன்றவற்றை எந்த ஒப்பந்தமும் எழுதிவாங்கிவிட முடியாது. காண்ட்ராக்டர் கட்டத் தவறிய வைப்பு நிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் முதன்மை நிறுவனமே பொறுப்பு. ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்ட தொகை வரவில்லையானால் வசூலிக்க வழி உண்டு; 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 33சி பிரிவு. ஆனால் தகுதியே மறுக்கப்படும்போது அந்த வழி அடைபட்டது என்று கணேஷ் ரசாக் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகுதிக்குத் தகராறு எழுப்பித்தான் ஆக வேண்டும். வேலையிலிருந்தே நீக்கப்பட்டவர் மட்டும் தனியாளாக எழுப்பலாம், மற்றவருக்குத் தன்னைப் போன்றவர்களின் துணையோ ஒரு சங்கமோ தேவை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் இந்தக் கவலையைக் கூட்டுகின்றன. 51 விழுக்காடு உறுப்பினரைக் கொண்ட சங்கமே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம் ஆகிறது. காண்ட்ராக்ட் முறைக்கான தடை மையப் பணிகளுக்கு மட்டும். காவல், துப்புரவு, உணவகம், சுமை ஏற்றி இறக்கல் போன்றவை பொதுவாக அந்த வரையறைக்கு வெளியே. ஓஎன்ஜிசி காவலர்களின் போராட்டம் தொடங்கிய புள்ளியே இப்போது இல்லை. காலவரம்பு நியமனம் முழு அங்கீகாரம் பெற்றிருக்கிறது. செயலி வழி உழைப்பவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு உண்டு என்றாலும், மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்றே அவர்களை வரையறுத்திருக்கிறார்கள்.

புதுச்சேரி அரசு தன் விதிகளால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகுதியைத் தொடும் எந்த ஒப்பந்தத்தையும் பதிவதற்கு முன், அதன் தமிழ் நகலும் பெயர்ப் பட்டியலும் ஆலைக் கதவில் முப்பது நாள் ஒட்டப்பட வேண்டும். பட்டியலில் விடுபட்டவரும் ஏற்காதவரும் காரைக்காலிலேயே சமரச அலுவலர் முன் வந்து பேச வேண்டும். அவர்கள் சொன்னதையும் அதற்குத் தன் பதிலையும் அலுவலர் எழுத்தில் பதிந்து ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். பாட்டா வழக்கு கேட்ட உடன்பாடு அந்தக் குறிப்பில் தெரியாவிட்டால், பேசியும் ஏற்காதவர்களைத் தகுதி பற்றிய விதிகள் கட்டுப்படுத்தாது என்று அதே விதியில் எழுதிவிடலாம்.