கரிசல் பட்டாவுக்கு ஒரு நகல்

கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குள் போயிருக்கிறீர்களா? குச்சிக்கு மருந்து முக்கும் அறை சற்றுத் தள்ளியே இருக்கும். அங்கே தீப்பிடித்தாலும் மற்றவை பிழைக்க வேண்டும் அல்லவா?

அரசுக் கணக்குகளுக்கும் இவ்விதி பொருந்தும். கரிசல் காட்டுப் பட்டாவும் சிட்டாவும் முன்பு தாலுகா அலுவலகக் காகிதக் கட்டுகளில் கிடந்தன. பின்பு துறைதோறும் கணிப்பொறிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி மின்சாரம், குளிர்சாதனம், காவல் என்றால் செலவு மிகுதி, பாதுகாப்போ குறைவு. ஆகவே அவற்றை ஒன்று சேர்த்தார்கள். 1976-இல் தோன்றிய தேசியத் தகவலியல் மையம் ஐதராபாத்தில் 2008-இலும், புனேயில் 2010-இலும், டெல்லியில் 2011-இலும் பெரிய தரவு மையங்களை அமைத்தது. தமிழக அரசின் மையம் சென்னைப் பெருங்குடியில் எழுந்தது.

சேர்த்தால் மட்டும் போதுமா? 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலம் தீப்பற்றியது. 709 அரசுக் கணிப்பொறி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த ஓர் அமைப்புக்கு வெளியில் நகலே இல்லை. 858 டெராபைட் தரவு எரிந்து போயிற்று.

தமிழகம் தன் நகலைத் திருச்சியில் வைத்தது. சென்னை வெள்ளம் அங்கே எட்டாது. ஆனால் நகல் இருந்தால் போதாது. அவ்வப்போது மீட்டுப் பார்க்கவும் வேண்டும். விதையை முளைக்கப் போட்டுப் பார்த்தே விதைக்கும் நம் சம்சாரிக்கு இது புதிதா என்ன?