அரிய மலையக நூல்களின் மறுபதிப்பும் பதிப்புரிமையும்

மலையக மக்களின் வரலாற்றைக் கூறும் பழைய நூல்கள் பலவற்றை இன்று புத்தகக் கடைகளில் வாங்க முடியாது. லயன் அறைகளின் தகரப் பெட்டிகளிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் அலுமாரிகளிலும் அவற்றுள் சில ஒற்றைப் பிரதிகளாக எஞ்சியுள்ளன. அட்டனிலோ நுவரெலியாவிலோ ஒருவருக்கு அத்தகைய நூல் கிடைத்தால், அதனை மறுபதிப்புச் செய்யலாமா, இணையத்தில் ஏற்றலாமா என்ற வினா உடனே எழுகின்றது. "பழைய நூல்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று துணிந்து அச்சிடுவோர் உளர். "சட்டச் சிக்கல் வரும்" என்று அஞ்சி நூலைச் செல்லரிக்க விடுவோரும் உளர். இரு சாராரும் சட்டம் கூறுவதை அறியாமலே முடிவெடுக்கின்றனர் என்பதே எமது கவலை.

இந்நூல்கள் அரியனவாகிப் போனமைக்குக் காரணங்கள் பல. மலிவான தாளில், சில நூறு பிரதிகளாக அச்சிடப்பட்டவையே அதிகம். மலைநாட்டின் ஈரமும் கறையானும் அவற்றை விட்டுவைக்கவில்லை. 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் வீடுகளோடு நூல்களும் எரிந்தன. இவற்றுக்கு மேலாக, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப உடன்பட்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் குடும்பங்களைக் கடல் கடந்து பிரித்தன. எழுதியவரின் பிள்ளைகள் நீலகிரியிலோ திருச்சியிலோ இருக்க, நூல் மட்டும் தலவாக்கலையில் இருக்கின்றது. அனுமதி கேட்க விரும்பினாலும் யாரிடம் கேட்பது என்ற நிலை இதனாலேயே ஏற்பட்டது.

இலங்கையில் இன்று நடைமுறையிலுள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். அதன்படி, ஒரு படைப்பு உருவான கணத்திலேயே பதிப்புரிமையும் தோன்றி விடுகின்றது. பதிவு செய்ய வேண்டிய அவசியமில்லை. ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைந்த பின் 70 ஆண்டுகளும் அவ்வுரிமை நீடிக்கும். கூட்டாக எழுதப்பட்டதெனின், இறுதியாக மறைந்தவரின் ஆண்டிலிருந்து கணக்கிட வேண்டும். பெயர் குறிப்பிடாது வெளிவந்த நூலுக்கு முதல் வெளியீட்டிலிருந்து 70 ஆண்டுகள் எண்ணப்படும். இந்தியச் சட்டத்தில் இக்காலம் ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகளாகும். எனவே ஒரே நூல் சென்னையில் சுதந்திரமாக அச்சிடப்படுகையில் கொழும்பில் உரிமைக்குட்பட்டிருக்க முடியும்.

இக்கணக்கை மூன்று முன்னோடிகளின் படைப்புகளில் பொருத்திப் பார்ப்போம். கண்டியைச் சேர்ந்த மு. கா. சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாக மதிக்கப்படுவது. அவர் 1898இல் மறைந்தார். அந்நாவலையும் அவர் 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' இதழில் அவர் எழுதியவற்றையும் எவரும் மறுபதிப்புச் செய்யலாம்.

'தேசபக்தன்' பத்திரிகையை 1924இல் தொடங்கி, 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான கோ. நடேசய்யர் 1947இல் மறைந்தார். எக்கணக்கில் பார்த்தாலும் அவருடைய எழுத்துகளின் உரிமைக் காலம் 2017ஆம் ஆண்டின் இறுதிக்குள் முடிந்து விட்டது. ஆயினும் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையின் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் 1940ஆம் ஆண்டுப் பாடல் நூலுக்கு இக்கணக்கு செல்லாது. அம்மையார் மறைந்த ஆண்டே அதற்கு அடிப்படையாகும். கணவர் பெயரால் மனைவியின் படைப்பையும் அளப்பது பலர் செய்யும் தவறாகும்.

மூன்றாமவர் 1984இல் மறைந்த சி. வி. வேலுப்பிள்ளை. அவருடைய படைப்புகள் இலங்கையில் 2054ஆம் ஆண்டின் இறுதி வரை உரிமைக்குட்பட்டவை. தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் பாடிய அவரது கவிதை நூலைச் சக்தீ அ. பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. ஆகவே அத்தமிழ் நூலை வெளியிட விரும்புவோர் மூல ஆசிரியரின் வாரிசுகள், மொழிபெயர்ப்பாளரின் வாரிசுகள் ஆகிய இரு தரப்பினரையும் நாட வேண்டும்.

காமன் கூத்து, பொன்னர் சங்கர் முதலிய கூத்துகளும் கொழுந்தெடுக்கும் பெண்களின் பாடல்களும் வேறொரு வகையைச் சாரும். இவற்றுக்குத் தனியொரு ஆசிரியர் இல்லை. நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிக நோக்கில், மரபுச் சூழலுக்கு வெளியே பயன்படுத்துவதற்கு அதிகாரமுள்ள தரப்பின் அனுமதி வேண்டும் என்று எமது சட்டம் கூறுகின்றது. அவற்றைத் தொகுத்தவருக்குத் தமது தேர்வு, ஒழுங்கமைப்பு, குறிப்புகள் ஆகியவற்றில் உரிமை உண்டு. பாடல் ஊருக்குரியது என்பதால் தொகுப்பு நூலை அப்படியே ஒளிப்பிரதி செய்து விற்பது முறையாகாது.

பழைய படைப்புகளை இழக்கும் துன்பம் எமக்கு மட்டும் உரியதன்று. தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து ஆடப்பட்ட பழைய வீடியோ விளையாட்டுகளுக்கும் இதே கதி நேர்ந்துள்ளது. 2010ஆம் ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 வீதமானவை விற்பனையில் இல்லையென 2023இல் அங்கு வெளியான ஆய்வொன்று கண்டறிந்தது. நூலகங்கள் தம்மிடமுள்ள அத்தகைய விளையாட்டுகளைத் தொலைவிலுள்ள ஆய்வாளர்களுக்கு இணையவழியே வழங்க அனுமதி கோரின. அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் அதனை மறுத்தது. விளைவாக, அனுமதியற்ற பிரதிகளே பல விளையாட்டுகளுக்குப் புகலிடமாக உள்ளன. நேர்வழி அடைபட்டால் மக்கள் கள்ளவழியை நாடுவர் என்பதற்கு இதுவே சான்று.

எமது சட்டத்தில் நேர்வழி முற்றாக அடைபட்டிருக்கவில்லை. இலாப நோக்கற்ற நூலகமும் ஆவணக் காப்பகமும், தம்மிடமுள்ள நூலைப் பாதுகாப்பதற்காகவோ அழிந்துபோன பிரதிக்கு ஈடாகவோ ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். தனிமனிதர் சொந்தத் தேவைக்காக ஒரு பிரதி எடுக்கலாம். ஆனால் முழு நூலையோ அதன் பெரும்பகுதியையோ ஒளிப்பிரதி செய்ய அவ்விலக்கு இடந்தராது. அச்சிட்டு விற்பதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் உரிமையாளரின் அனுமதி அவசியம். 2005 முதல் இயங்கி வரும் 'நூலகம்' இணையத்தளம் ஆசிரியர்களிடமும் வெளியீட்டாளர்களிடமும் அனுமதி பெற்று ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் பேணி வருவது நல்ல முன்மாதிரியாகும்.

எனவே மறுபதிப்பில் ஈடுபடுவோர் முதலில் ஆசிரியர் மறைந்த ஆண்டை உறுதி செய்தல் வேண்டும். உரிமை எஞ்சியிருப்பின் வாரிசுகளின் கையொப்பத்துடன் எழுத்து மூல அனுமதி பெறுதல் வேண்டும். வாய்மொழிச் சம்மதம் இரு தலைமுறைக்குப் பின் பிணக்காகி விடும். உரிமைக் காலம் முடிந்திருந்தாலும் ஆசிரியரின் பெயரை நீக்காமலும் பாடத்தைத் திரிக்காமலும் முதற்பதிப்பின் விபரங்களோடு வெளியிடுவதே நாகரிகம்.

வாழும் எழுத்தாளர்களும் தமக்குப் பின் யார் அனுமதி வழங்கலாம் என்பதை இன்றே எழுதி வைத்தல் நன்று. பாரதியாரின் படைப்புரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்று, அவை பின்னர் பொதுவுடைமையானதாலேயே அவர் பாடல்கள் தடையின்றி வீடுதோறும் சென்றன. மலையக முன்னோடிகளின் நூல்களுக்கும் எமது அரசாங்கம் உரிய கொடையை வாரிசுகளுக்கு வழங்கி அவ்வாறு செய்தல் கூடும். உரிமையாளரைத் தேடியும் காண முடியாத படைப்புகளை நூலகங்கள் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் வழி வகுத்தது. நாடு கடத்தலால் சிதறிய ஒரு சமூகத்தின் நூல்களுக்கு அத்தகைய ஏற்பாடு இன்னும் அதிகமாகத் தேவை.

ஆசிரியரின் உரிமையைக் காப்பது சட்டத்தின் நோக்கம். ஆனால் கடைசிப் பிரதியும் மக்கிப் போன நூலுக்கு உரிமை இருந்தென்ன பயன்? உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய நூலொன்று இருக்குமாயின், அதனை எழுதியவரின் உறவினர் எங்கிருக்கிறார் என்பதை அறிந்த முதியவர் இன்னும் உங்கள் தோட்டத்தில் இருக்கக் கூடும். அவரிடம் கேட்டுக் குறித்து வைக்குமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கின்றோம்.