மலையின் அழகும் லயன் வீடுகளும்

இன்று சாம்பலுக்கும் எண்ணெய்க் கசிவுக்கும் பேர்போன எண்ணூர், ஒரு காலத்தில் சென்னை வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்கப் போன இடம். பிறகு ஆள்வோரின் ஓய்வு மலை ஏறியது. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்குப் போனார். நாளடைவில் சென்னை மாகாண அரசே கோடைக்கு உதகைக்கு இடம் மாறியது. எண்ணூருக்கோ 1970இல் அனல்மின் நிலையம் வந்தது. எந்த இடத்தைக் காப்பது, எந்த இடத்தைப் பலி கொடுப்பது என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை தோழர்களே, அதிகாரம்தான் தீர்மானிக்கிறது.

இப்போது நீலகிரியின் தன்மையைக் காக்க வேண்டும் என்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். இது தேவைதான். நச்சுக் காற்றைச் சுவாசிக்கும் வடசென்னைக்காரர்கள் இதை எதிர்க்க முடியாது.

ஆனால் எது மலையின் தன்மை? அது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் வாழ்ந்த மண். உதகை ஏரி சல்லிவன் காலத்தில் உருவாக்கப்பட்டது. சோலைக்காடும் புல்வெளியும் இருந்த இடங்களில் தேயிலையும் கற்பூர மரமும் சீகை மரமும் வந்தன. சுற்றுலாப் பயணி படம் எடுக்கும் அந்தப் பச்சைச் சரிவு இயற்கை தந்தது அல்ல, கூலி உழைப்பு உருவாக்கியது.

அந்த உழைப்பாளிகள் யார்? இலங்கை மலையகத் தமிழர்களின் குடியுரிமை 1948இல் பறிக்கப்பட்டது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அந்த மக்களைக் கேட்கவே இல்லை. அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னர் டான்டீ ஆனது. வேலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. லயன் வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

2022இல் டான்டீ நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. காடு மீள்வது நல்லது. ஆனால் இரண்டு தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்கள் எங்கே போவார்கள்? ஒரு முறை குடியுரிமையின் பேரில் பெயர்க்கப்பட்டவர்களைச் சூழலியலின் பேரில் இன்னொரு முறை பெயர்ப்பதா?

நீடித்த சுற்றுலா என்று பேசும் எந்தத் திட்டத்தையும் மூன்று கேள்விகளோடு படியுங்கள். தோட்டத் தொழிலாளிக்குப் பட்டா உண்டா? பழங்குடிகளுக்கு 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமை கிடைத்ததா? பயணிகள் விட்டுச் செல்லும் குப்பையை அள்ளுபவருக்கு நிரந்தர வேலை உண்டா? வண்டிகளை எண்ணத் தெரிந்த அரசுக்கு இவர்களையும் எண்ணத் தெரிய வேண்டும்.